அசல் வீடு என்றொரு பொய்

இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஒரு பழைய பண்ணைவீடு விலைக்கு வந்தால் விளம்பரத்தில் மூன்று சங்கதிகள் தவறாமல் இருக்கும். ஒன்று, வீட்டுக்கு ஐந்நூறு வயது. இரண்டு, உள்ளே அசல் ஓக் மர உத்தரங்கள் கண்ணுக்குத் தெரியும். மூன்று, வீடு அதன் பழைய நிலைக்கே கவனமாக மீட்டெடுக்கப்பட்டிருக்கிறது.

முதலாவது பெரும்பாலும் பாதி உண்மை. வீட்டின் ஏதோ ஒரு மூலைக்கு ஐந்நூறு வயது இருக்கும். மற்ற மூலைகளுக்கு முந்நூறு, நூற்றைம்பது, நாற்பது என்று இருக்கும். இரண்டாவது உண்மைதான். ஆனால் அந்த உத்தரங்களில் பல, தலைமுறை தலைமுறையாகக் காரைக்கும் சுண்ணாம்புக்கும் பின்னால் இருந்தவை, சமீபத்தில்தான் யாரோ சுரண்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது மட்டும் முழுப்பொய். ஒரு வீட்டைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. திருப்பியதாகச் சொல்கிறவர்கள் அந்த வீட்டின் வரலாற்றில் தங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மீதிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. கிழிக்கப்படும் பக்கங்களில் யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பேலீஃப் என்பது அதன் பெயர். தென்கிழக்கு இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், போ பீச் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த பண்ணைவீடு. கட்டிய காலம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கட்டடக்கலைப் புத்தகங்களில் இந்த வகை வீட்டுக்கு வீல்டன் வீடு என்று பெயர், வீல்ட் என்ற அந்த வட்டாரத்தின் பெயரால்.

அமைப்பு எளிமையானது. நடுவில் ஒரு கூடம். அதற்கு மாடி கிடையாது, தரையிலிருந்து கூரை முகடுவரை ஒரே வெளி. கூடத்தின் இரண்டு பக்கமும் மாடி வைத்த பகுதிகள். ஒரு பக்கம் கீழே ரொட்டிக்கு ஓர் அறை, பானங்களுக்கு ஓர் அறை. மறுபக்கம் வீட்டுக்காரரின் தனியறைகள். இரண்டு பக்கத்து மாடிகளும் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஒரே கூரை. அதனால் முன்னால் நின்று பார்த்தால் நடுக்கூடம் மட்டும் உள்வாங்கியதுபோல இருக்கும்.

கூடத்தின் நடுத்தரையில் திறந்த அடுப்பு. புகைபோக்கி இல்லை! புகை மேலே எழும்பி, கூரையில் சுற்றி, கிடைத்த சந்துகளில் வெளியேறும். சன்னல்களில் கண்ணாடி இல்லை, மரக்கம்பிகளும் அடைக்கும் பலகைகளும்தான். எசமான், அவர் மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர்கள் எல்லோரும் அந்தப் புகைக்குக் கீழே ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எசமானுக்கு ஒரு கோடி, வேலைக்காரர்களுக்கு மறுகோடி.

இதைக் கட்டியவர் பிரபு இல்லை. விவசாயி. 1348–49இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்து மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்களுக்கு நிலம் கிடைத்தது, கூலி ஏறியது. கெண்டில் நிலத்தை வாங்க விற்கவும், பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு வைக்கவும் பழைய வழக்கத்திலேயே இடமிருந்தது. அப்படிக் கை ஊன்றி எழுந்த வசதியான விவசாயிகள் கட்டியவை இந்த வீடுகள். படம் போட்டுக்கொடுக்கத் தனியாக ஒரு கட்டடக்கலைஞர் கிடையாது. தச்சர் பச்சை ஓக் மரத்தை வெட்டி, தன் களத்திலேயே சட்டங்களைப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் கோடு கோடாக எண் குறித்து, பிரித்து எடுத்துவந்து மர ஆணி அடித்து நிறுத்துவார். சட்டங்களுக்கு இடையே மிலாறு பின்னி, மண்ணும் சாணியும் வைக்கோலும் குழைத்து அப்பினால் சுவர் தயார்.

(ஊரில் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும், உத்தரத்தில் ஒரு வெற்றுத் துளையைக் காட்டி, இது பழைய கப்பலிலிருந்து வந்த மரம் என்று கதை சொல்வார்கள். கடலே எட்டாத ஊரிலும் இதே கதைதான். அந்தத் துளையில் இருந்தது அநேகமாகப் பின்னால் எடுக்கப்பட்ட ஒரு தடுப்புச்சுவர், அல்லது மரமே அந்த ஊரின் இன்னொரு பழைய கட்டடத்திலிருந்து வந்தது. ஆனால் பக்கத்து ஊர்த் தச்சரைவிடக் கப்பலில்தான் கவர்ச்சி அதிகம். என்ன செய்ய!)

இனி விஷயம். இப்படிக் கட்டிய வீடு அப்படியே நின்றதா? எந்த விவசாயி வீடு அப்படி நின்றிருக்கிறது?

16ஆம் நூற்றாண்டில் புகை வெறுத்துப்போனது. முதலில் கூடத்தின் ஒரு பகுதியைத் தடுத்துப் புகையை அதற்குள் அடக்கினார்கள். பிறகு செங்கல் புகைபோக்கி வந்தது. 1577இல் வெளியான நூலில் எசெக்ஸ் பாதிரியார் வில்லியம் ஹாரிசன், தன் ஊர்க் கிழவர்கள் தங்கள் ஆயுளில் கண்ட அதிசயங்களில் ஒன்றாகப் புகைபோக்கி பெருகியதைச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறார். புகை அடங்கியதும் கூடத்தின் நடுவில் ஒரு மாடித்தளம் போட முடிந்தது. ஒரு கூடம் இரண்டு அறையானது. எசமான் குடும்பம் தனியாகவும் வேலைக்காரர்கள் தனியாகவும் சாப்பிடத் தொடங்கினார்கள். ஆங்கிலச் சமூகம் எப்போது பிரிந்து உட்கார்ந்தது என்று தெரிய வேண்டுமானால் சட்டப் புத்தகங்களைப் புரட்ட வேண்டாம், இந்த மாடித்தளத்தைப் பார்த்தால் போதும்.

டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் இந்த மாற்றத்துக்கு ஒரு காலத்தையே குறித்தார். 1570 முதல் 1640 வரை கிராமப்புற இங்கிலாந்து தன்னையே திருப்பிக் கட்டிக்கொண்டது என்றார். பின்னால் வந்தவர்கள் காலக்கணக்கில் அவரோடு சண்டை போட்டார்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் என்றார்கள். ஆனால் வீடுகள் தலைகீழாக மாறின என்பதை யாரும் மறுக்கவில்லை.

பிறகு வரிகள். 1662இல் அடுப்பு வரி, ஓர் அடுப்புக்கு வருடத்துக்கு இரண்டு ஷில்லிங். 1689இல் அது ஒழிந்தது. 1696இல் சன்னல் வரி வந்தது, 1851வரை இருந்தது. வரிக்குப் பயந்து சன்னலை அடைத்தவர்கள் உண்டு. (அடைத்த சன்னல் எல்லாமே வரிக்காக அடைத்தவை இல்லை, சில வெறும் வசதிக்காக.) மரச்சட்டம் வெளியே தெரிந்தால் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்த காலம் வந்தது. அதன்மேல் காரை பூசினார்கள், வீல்ட் பகுதியில் சுவரில் ஓடுகளைத் தொங்கவிட்டு மூடினார்கள், காசு இருந்தவர்கள் முன்பக்கம் மட்டும் செங்கல் முகம் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சின்னப் பண்ணைகள் பெரிய பண்ணைகளில் கரைந்தபோது, தேவையில்லாமல் போன எத்தனையோ பழைய பண்ணைவீடுகளைக் குறுக்குச்சுவர் வைத்து இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து, விவசாயக் கூலிகளைக் குடிவைத்தார்கள். ஒரு காலத்தில் வசதியான விவசாயி கால் நீட்டிய அறையில் ஒரு கூலிக் குடும்பமே படுத்து எழுந்தது.

ஆக, ஒரு பழைய பண்ணைவீடு என்பது ஐந்நூறு வருடத்து விலைவாசி, வரி, நோய், வெட்கம், வறுமை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பொருள். இதில் எது அசல்?

பேலீஃபுக்குத் திரும்பலாம். 1960களில் போ பீச் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்ட முடிவானது. வீடு தண்ணீருக்குள் போக வேண்டியது. சசெக்ஸில் ராய் ஆம்ஸ்ட்ராங் தொடங்கிய வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் திறந்தவெளி அருங்காட்சியகம் அதை மரம் மரமாகப் பிரித்து எடுத்துப்போய், 1970களின் தொடக்கத்தில் சிங்கிள்டன் என்ற ஊரில் மறுபடி நிறுத்தியது. நல்ல காரியம். அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால் எந்த வீட்டை நிறுத்தினார்கள்? 1960களில் அங்கே இருந்த வீட்டை இல்லை. இன்று போனால் பார்க்கக் கிடைப்பது சுமார் 1540இல் அது எப்படி இருந்திருக்கும் என்று கணித்த வீடு. கூடம் கூரைவரை திறந்திருக்கிறது, நடுத்தரையில் அடுப்பு எரிகிறது. பார்க்க அற்புதமாக இருக்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. 1540க்குப் பிறகு நானூற்றுச் சொச்சம் வருடம் அந்த வீட்டில் சமைத்தவர்கள், செங்கல் அடுக்கியவர்கள், தளம் போட்டவர்கள் மட்டும் சிங்கிள்டனுக்கு வந்து சேரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த 1540ஆம் வருடத்து வீடும் அசல் இல்லை! மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் கணித்தபோது, கூடமும் அதன் ஒரு பக்கமும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்றும், மறுபக்கத் தனியறைப் பகுதி ஏறக்குறைய நூறு வருடம் கழித்துக் கட்டியது என்றும் தெரிந்தது. அசல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அந்தப் பகுதியையும் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. ஏன்? அது அழகாக இருக்கிறது, போதுமான அளவு பழையதாகவும் இருக்கிறது. அதாவது 1500களில் ஒருவர் வீட்டை மாற்றினால் வரலாறு, 1800களில் ஒருவர் மாற்றினால் குப்பை. இந்தக் கோட்டைப் போட்டது மரமும் மண்ணும் இல்லை, 20ஆம் நூற்றாண்டின் ரசனை.

அதே பள்ளத்தாக்கிலிருந்து அதே அருங்காட்சியகத்துக்கு வந்த இன்னொரு கட்டடத்தின் கதை இதைவிட நல்ல பாடம். வின்க்ஹர்ஸ்ட் என்று பெயர். முதலில் அதை ஒரு சின்ன இடைக்கால வீடு என்று நினைத்து, அப்படியே நிறுத்தினார்கள். பல வருடம் மக்கள் வந்து எளிய மனிதரின் வீடு என்று பார்த்துப்போனார்கள். பிறகு ஆய்வு செய்தவர்கள், அது வீடே இல்லை, பெரிய வீடு ஒன்றோடு சேர்ந்த சமையற்கட்டு என்று கண்டுபிடித்தார்கள். 2000களின் தொடக்கத்தில் அதை மறுபடி பிரித்து, இடம் மாற்றி, டியூடர் காலச் சமையற்கட்டாக நிறுத்தினார்கள். இன்று அதில் சமைத்தே காட்டுகிறார்கள்.

தவறை ஒப்புக்கொண்டு திருத்திய அந்த அருங்காட்சியகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க மரச்சட்டத்தைப் படித்தவர்களே சமையற்கட்டை வீடு என்று நினைக்க முடியும் என்றால், போன வருடம் வீடு வாங்கி, நாலு புத்தகம் படித்து, ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு, இந்தச் சுவர் பிற்காலத்தது, இடித்துவிடு என்று சொல்கிறவரின் அசல் எந்த லட்சணத்தில் இருக்கும்? வின்க்ஹர்ஸ்டில் மரங்கள் பத்திரமாக இருந்ததால் திருத்த முடிந்தது. அள்ளிக் குப்பையில் கொட்டிய சுவரை எந்த ஆய்வாளர் வந்து திருத்துவார்?

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். நியாயமான பதிலும்கூட. அருங்காட்சியகம் கற்றுக்கொடுக்கும் இடம், எல்லா அடுக்கையும் வைத்துக்கொண்டு ஒரு திறந்த கூடம் எப்படி இருந்தது என்று காட்ட முடியாது. புகைபோக்கி வைத்த வீட்டுக்கு அங்கேயே பெண்டீன் என்ற 1609ஆம் வருடத்துப் பண்ணைவீடு இருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மாற்றம் புரியும் என்பார்கள். சரி, ஒப்புக்கொள்ளலாம். தண்ணீரில் மூழ்க இருந்த வீட்டை ஒரு பாடப்பொருளாக நிறுத்துவது தவறில்லை, இது ஒரு பாடப்பொருள் என்று எழுதி வைத்திருக்கும்வரை.

வியாதி அங்கிருந்து நிற்கும் வீடுகளுக்குத் தாவுவதுதான் பிரச்சினை. தண்ணீர் வராத, யாரும் விரட்டாத, நன்றாக நின்றுகொண்டிருக்கும் வீடுகள். அருங்காட்சியகத்தையும் வண்ணப் புத்தகங்களையும் பார்த்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள் அதே தோற்றத்தைத் தங்கள் வீட்டில் தேடுகிறார்கள். காரையைக் கொத்துகிறார்கள். பல அடுக்குச் சுண்ணாம்பைச் சுரண்டுகிறார்கள். உத்தரங்களின்மேல் மணலைப் பீய்ச்சி அடித்துச் "சுத்தம்" செய்கிறார்கள். அதோடு தச்சரின் வாய்ச்சித் தடமும் அவர் குறித்த எண்களும் போய்விடுகின்றன. பிறகு மரத்துக்குக் கறுப்புச் சாயம், நடுவே பளீர் வெள்ளை. அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலமே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஆசைதான். தென்கிழக்கில் பழைய ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், அது வெள்ளிபோல நரைக்கும். அல்லது மரம் மண் எல்லாவற்றின்மேலும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அசலைத் தேடிப் போனவர்கள் விக்டோரியா காலத்து வேஷத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் :)

இந்தக் கூத்தைக் கண்டு கத்தியவர் ஒருவர் அந்தக் காலத்திலேயே இருந்தார். வில்லியம் மோரிஸ். 1871இல் ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் கெல்ம்ஸ்காட்டில் ஒரு பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். இன்று கெல்ம்ஸ்காட் மேனர் என்று ஜமீன் மாளிகைபோலப் பெயர் இருந்தாலும் 1600 வாக்கில் டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டிய பண்ணைவீடு அது. பின்னால் 17ஆம் நூற்றாண்டிலேயே அதன்மேல் இன்னொரு பகுதி சேர்ந்தது. மோரிஸ் அந்த ஒட்டை வெட்டவில்லை. அந்த வீடு மண்ணிலிருந்து வளர்ந்ததுபோல இருப்பதே அவருக்குப் பிடித்தது. 1877இல், டியூக்ஸ்பரி தேவாலயத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொதித்து, பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். சுரண்டாதே சங்கம் என்று அதற்குச் செல்லப்பெயர். அதன் அறிக்கை சொன்னது ரொம்பச் சாதாரண விஷயம். மீட்டெடுக்காதே, பழுது பார். ஒழுகினால் ஓடு மாற்று, சாய்ந்தால் முட்டுக்கொடு, போட்ட ஒட்டு ஒட்டு என்று தெரியட்டும். எல்லாக் காலத்தின் கைவேலையும் அப்படியே இருக்கட்டும். நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறது, அந்தச் சங்கம் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

1947முதல் பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் சட்டமும் இருக்கிறது. 1700க்கு முன் கட்டி, பழைய பகுதிகள் கணிசமாக மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் பட்டியலில் இடம் உண்டு. அனுமதி இல்லாமல் மாற்றினால் குற்றம். ஆனால் எந்தச் சட்டமும் ரசனையை மாற்றாது. 1450ஆம் வருடத்து உத்தரத்தை அறுத்தால் ஊரே கத்தும். 1850இல் கூலிக் குடும்பத்துக்காக எழுப்பிய மட்டமான பலகைத் தடுப்பைப் பிடுங்கினால், வீடு பழைய பொலிவுக்குத் திரும்பியது என்று கைதட்டும்.

இங்கேதான் ரசனை அரசியலாகிறது. சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற கிராமத்தில் 14ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று இருக்கிறது. அதுவும் வீல்டன் வகைதான். 1896இல் நேஷனல் டிரஸ்ட் பத்துப் பவுனுக்கு வாங்கியது, அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம். பெயர் பாதிரியார் இல்லம். 19ஆம் நூற்றாண்டில் அதில் குடியிருந்தவர்கள் விவசாயக் கூலிகள். பெயரில் பாதிரியார் நின்றுவிட்டார். கூலிகள் போய்விட்டார்கள்.

எங்கே மீட்டெடுத்தாலும் இதே கதைதான். வீடு எப்போதும் அதன் பணக்காரத் தருணத்துக்கே திரும்புகிறது. புதுப்பணம் வந்து ஓக் மரம் இறங்கிய வருடத்துக்குத் திரும்பும், அடுப்பு வரி கட்ட முடியாமல் திண்டாடிய வருடத்துக்கு ஒருநாளும் திரும்பாது. மூன்று குடும்பம் ஒரு கூரைக்குக் கீழே ஒண்டிய வருடத்துக்கு எந்தச் சொந்தக்காரராவது வீட்டைத் திருப்பியிருக்கிறாரா? எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்கள் இந்த உலகத்தில் விட்டுப்போனது ஒரு பலகைத் தடுப்பு, ஒரு மலிவான அடுப்பு, சுவரில் பத்து அடுக்குச் சுண்ணாம்பு. அதையும் சுரண்டிவிட்டால் அவர்கள் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

கடைசியாக ஒன்று. இந்த வீடுகளில் ஒரு காலத்தில் நடுக்கூடத்தில் திறந்த அடுப்பு எரிந்தது என்று ஆய்வாளர்களுக்கு எப்படித் தெரியும்? பரணில் ஏறிப் பார்ப்பார்கள். கூரைக் கைமரங்களில் கரி அப்பியிருக்கும். நூறு இருநூறு வருடப் புகை. அந்தக் கரி எப்படிப் பிழைத்தது? 1600 வாக்கில் யாரோ ஒரு விவசாயி, பழமையைக் காக்கும் எண்ணமே இல்லாமல், கூடத்தை இரண்டாக்கி மேலே தட்டு அடித்து மூடினார். மேலே இருந்த கரியைத் துடைக்க அவருக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. அவர் செய்த அந்த "அசலைக் கெடுக்கும்" வேலைக்குள்தான் அசலுக்கான சாட்சி நானூறு வருடம் பத்திரமாக இருந்தது. இன்று மணல் பீய்ச்சும் இயந்திரத்தோடு வருகிறவர் அதை ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவார். வேலை முடிந்ததும், வீடு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று விளம்பரமும் போடுவார்.